வேலை செய்தவர், ரோச் பிடித்தவர்

பெப்ரவரி 4, ஞாயிறு

பழைய கொப்பி நேற்றோடு முடிந்தது. இது ஒன்பதாவது. என்னுடைய கொப்பி அல்ல, காருடைய கொப்பி. "நாள் முழுக்க என்னத்தை எழுதிக் கிழிக்கிறியள்?" என்று மனைவி தவமணி இன்று காலையும் கேட்டாள். எழுதிக் கிழித்ததால்தான் நாற்பத்திரண்டு வயதுக் கார் இன்னும் ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

புதுக் கொப்பி என்பதால் விவரங்களை முறையாகப் பதிகிறேன். கார்: கொரோலா டி.எக்ஸ். வாகன், 1982ஆம் ஆண்டு, இலக்கத் தகட்டில் பழைய காலத்துச் சிறி எழுத்து உள்ளது. உரிமையாளர்: ச. குணரட்ணம், இளைப்பாறிய தபாலதிபர், கரவெட்டி. 1988 முதல் என் கையில். இன்றுவரை எந்தக் கராஜின் வாசலையும் மிதித்ததில்லை. போர்க்காலத்தில் பெற்றோல் வராத ஐந்து வருடமும் மண்ணெண்ணெயில் ஓட்டினேன். சேலைன் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. கரி பிடித்த வால்வுகளைச் சுரண்ட மூன்று முறை மோட்டாரின் தலையை நானே கழற்றி நானே பூட்டினேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், அதில் என்ன வெட்கம்.

பதியும் முறை பழையபடிதான்: திகதி, வேலை, செய்தவர், ரோச் பிடித்தவர். மோட்டாருக்குக் கீழே நண்பகலிலும் இருட்டு. ரோச் லைற் இல்லாமல் ஒரு குறியும் தெரியாது. ஆகவே ரோச் பிடிப்பதும் ஒரு பதவிதான். முப்பத்தாறு வருடமாக அந்தப் பதவி தவத்துக்கு.

வேலை: ஒயில் மாற்றல். செய்தவர்: நான். ரோச்: தவம்.

பெப்ரவரி 7, புதன்

ஏப்ரல் 27 பயணத்துக்குத் திகதி குறித்தாயிற்று. எங்கள் பழைய ஜப்பான் கார்க் கழகத்தின் பத்தாவது பயணம். இருபத்துமூன்று கார்கள் பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் சேர்ந்து, நாட்டின் அந்த நுனியான தேவேந்திரமுனை வரை போவோம். கழகத்தைத் தொடங்கியவன் என்பதால் என் கார்தான் முன்னுக்குப் போகும்.

நாலாம் விதியை எழுதியவனும் நான்தான். சொல்லுக்குச் சொல் இதோ: "புறப்படும் காலையில் உரிமையாளர் ஒரு சீட்டு எடுத்து, அதிலுள்ள வேலையை எல்லோர் முன்னிலையிலும் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும். செய்யாதவரின் கார் பயணத்தில் சேராது." காசைக் கொடுத்துக் கராஜில் செய்வித்துவிட்டு மினுக்கிக்கொண்டு வருபவர்களுக்காக எழுதியது. நகைக்கடை யோகச்சந்திரன் அப்படித்தான் வந்தார், ஒன்பது வருடத்துக்கு முன். விசிறிப் பெல்ற் மாற்றச் சீட்டு வந்தது. பெல்ற்றை எந்தப் பக்கம் தளர்த்துவது என்றே தெரியவில்லை. திருப்பி அனுப்பினேன். மனுசன் அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்து, இப்போது கழகத் தலைவர். விதி ஆளைத் திருத்தும்.

இன்று பிளக் நாலும் மாற்றினேன். ஒன்று கைநழுவி விழுந்து உடைந்தது. கையில் ஒயில். இதை வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு: பிளக்கை ஒருபோதும் ஸ்பானரால் தொடங்காதீர்கள். முதல் மூன்று சுற்றும் வெறும் விரலால். கோணலாகப் போனால் விரலுக்குத் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது. தவத்தின் விரல் மெல்லிசு என்பதால் அவளைக் கொண்டு தொடங்குவித்தேன்.

செய்தவர்: நான். ரோச்: தவம்.

பெப்ரவரி 12, திங்கள்

வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லையாம். கண்ணாடியைத் துடைத்துப்போட்டுப் பார் பிள்ளை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மூன்று முறை போடச் சொன்னாள். தபால் கந்தோரில் முப்பத்தாறு வருடம் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்தவனிடம்.

பெப்ரவரி 18, ஞாயிறு

தவம் நெல்லியடிக்குக் கலியாண வீட்டுக்குப் போனாள். நான் தலைவலி என்று நின்றுவிட்டேன். தனியே ரப்பெற் வைத்தேன்.

ரப்பெற் வைப்பது என்பது வால்வை அழுத்தும் இரும்புக் கைக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. எட்டு வால்வு. காற்றை உள்ளே இழுப்பதற்கு இருபது, புகையை வெளியே விடுவதற்கு முப்பது, அதாவது ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து அதில் இருபதும் முப்பதும். மோட்டார் சூடாக இருக்கும்போதே வைக்க வேண்டும். மெல்லிய உருக்குத் தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பது. இறுகவும் கூடாது, வழுகவும் கூடாது. பிறகு நட்டை இறுக்கினால் திருகாணியும் சேர்ந்து அசையும், ஆகவே இறுக்கிய பின் திரும்பவும் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் விடுகிறார்கள்.

வழக்கமாக அரை மணித்தியாலம். இன்று இரண்டு மணித்தியாலம் எடுத்தது, கவனமாகச் செய்ததால். ஆனால் முடிவைக் கேட்க வேண்டும். சத்தமே இல்லை. தண்ணீர் போல ஓடுகிறது. கழகத்தின் வாட்ஸ்அப் குறூப்பில் ஒரு குரல் செய்தி போட்டேன், "ரப்பெற் வைக்கும் கலை" என்று. பதினெட்டுக் கைதட்டல் வந்தது.

செய்தவர்: நான். ரோச்: கதிரையில் சாய்த்து வைத்தேன்.

பெப்ரவரி 24, சனி

நெல்லியடிச் சந்தியில் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். திரும்ப எழுப்ப எழுப்ப நின்றது. நாலு பேர் தள்ளிவிட்டார்கள். என் காரை. பெற்றோல் சரியில்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

பெற்றோல் முழுவதையும் இறக்கி, வேறு பெற்றோல் விட்டேன். அதே கதைதான். இழுவையும் இல்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்

தவம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தாள். வீட்டில் இருந்து சட்டை தைப்பவள், முப்பது வருடமாக. காரின் அருகே நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இது ஏன் ஒரு சத்தமும் போடுதில்லை?"

"சத்தமில்லாட்டி நல்லதுதானே."

"ரிக் ரிக் எண்டு மெல்லிசாக் கேக்க வேணும். மிஷினும் அப்பிடித்தான். சத்தமில்லாட்டித்தான் எனக்குப் பயம்."

வால்வு மூடியைக் கழற்றினோம். தகட்டை வாங்கி அவளே விட்டுப் பார்த்தாள். எட்டும் இறுக்கம். புகை விடும் வால்வு இரண்டுக்கு இடைவெளியே இல்லை. இன்னும் நூறு மைல் ஓடியிருந்தால் வால்வு எரிந்திருக்கும்.

"தகட்டில்தான் பிழை," என்றேன்.

அவள் தகட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். "உங்கட கை ஆடேக்க தகடும் சேர்ந்து ஆடுது. ஆடுறதால லேசா வழுகுது. நீங்கள் லூஸ் எண்டு நினைச்சு இறுக்கிப் போட்டியள்."

கோபம் வந்தது. எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் திருகாணி ஸ்குறூட்றைவரும் பன்னிரண்டாம் இலக்க ஸ்பானரும் அவள் கையில். நான் சொல்லச் சொல்லச் செய்தாள். நூலின் இறுக்கம் பார்ப்பது போலத் தகட்டை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். "இவ்வளவுதானே?" என்றாள். எட்டையும் முடித்தாள். ரிக் ரிக் என்று கேட்டது. இழுவை திரும்பி வந்துவிட்டது.

செய்தவர்: நான். ரோச்: தவம். (ரோச்சைச் சிறிது நேரம் நான் பிடித்தேன்.)

மார்ச் 5, செவ்வாய்

யாழ்ப்பாணம் போனோம். தவம் ஓட்டினாள், எனக்கு வெயில் கண்ணில் அடித்தது. இரண்டு வேலை. ஒன்று, வால்வு மூடியில் ஒயில் கசியாமல் அடைக்கும் கஸ்கற் புதிதாக வாங்குவது. மூன்று கடை ஏறி அசல் ஜப்பான் சாமான் வாங்கிவிட்டேன். மற்ற வேலை சொல்லும்படி ஒன்றுமில்லை. ஒரு டொக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், வட்டம் வட்டமாகக் கீறச் சொன்னார். குளிசை மூன்று நேரம்.

வரும் வழியிலும் தவம்தான் ஓட்டினாள். கொடிகாமம் தாண்டியதும், "நாலாம் கியருக்கு மாத்தேக்க கிளச்சை இன்னும் கொஞ்சம் அமத்தட்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

பிறேக் ஒயில் மாற்றம். குறிப்பு: பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். உள்ளே ஒருவர் மிதிக்க, வெளியே ஒருவர் சக்கரத்தடியில் இருந்து காற்றை எடுக்க வேண்டும். தூரச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டச் சக்கரத்தில் முடிக்க வேண்டும்.

நான் உள்ளே இருந்து மிதித்தேன். "மிதியுங்கோ... பிடியுங்கோ... விடுங்கோ" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு குமிழியும் இல்லாமல் முடிந்தது. குறூப்பில் இதற்கும் ஒரு குரல் செய்தி போட்டேன்.

செய்தவர்: நான் (உள்ளே இருந்து). ரோச்: தவம்.

மார்ச் 14, வியாழன்

தவம் தைத்த சட்டையொன்று திரும்பி வந்தது. ரோசாப்பூ நிறப் பட்டுச் சட்டை. கழுத்தோரம் கறுப்பு ஒயில், விரலடையாளம் தெளிவாக. கொண்டுவந்த பெண் வாசலில் நின்று, "அக்கா, நீங்கள் தைக்கிறனீங்களோ இல்லை கராஜ் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டாள். பகிடிக்கு அல்ல.

தவம் புதுத் துணி வாங்கித் தைத்துத் தருவதாகச் சொன்னாள். பிறகு கிணற்றடியில் இருந்து தேசிக்காய்ப் பாதியால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் ஒரு சட்டை திரும்பியதில்லை அவளுக்கு. தேசிக்காயோடு கொஞ்சம் சீனி சேர்த்தால் கெதியாகப் போகும் என்று சொன்னேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 19, செவ்வாய்

மோட்டார் போக்குவரத்துக் கந்தோருக்குப் போய் ஒரு படிவம் கொடுத்துவிட்டு வந்தேன். காரின் கடதாசி விஷயம். தவத்திடமும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இன்சூரன்ஸ் என்று சொன்னேன்.

கையெழுத்து ஒத்துவரும் காலத்திலேயே போட்டுவைக்க வேண்டிய கையெழுத்துகள் சில உண்டு. அவ்வளவுதான்.

மார்ச் 30, சனி

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் முழுவதும் கழற்றல். இது கடைசிப் பெரிய வேலை. குறிப்பு: கழற்றுமுன் ஒரு காட்போட்டில் காபரேற்றரின் படத்தைக் கீறுங்கள். எந்த இடத்தில் கழற்றினீர்களோ படத்தில் அதே இடத்தில் குத்தி ஆணியைச் செருகுங்கள். பிறகு ஆணி எங்கே போனது என்று ஒருவரையொருவர் திட்டத் தேவையில்லை.

படத்தைத் தவம் கீறினாள், சட்டை வெட்டும் சோக்கட்டியால். ஒரு சின்ன உருண்டை, மிளகளவு, உருண்டு ஓடிவிட்டது. அது இல்லாவிட்டால் கார் வேகமெடுக்கும்போது மூச்சு முட்டும். என் காலை நகர்த்தச் சொல்லி, தையல் காந்தத்தைக் கொண்டுவந்து மணலில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஒட்டிக்கொண்டு வந்தது.

"இப்ப சொல்லுங்கோ," என்றாள், "ஊசி பொறுக்கிற காந்தம் ஏன் வீட்டில கிடக்குதெண்டு இனிக் கேப்பியளோ?"

கேட்கமாட்டேன் என்றேன்.

செய்தவர்: இருவரும்.

ஏப்ரல் 3, புதன்

பதிவுத் தபால் வந்தது. தபாற்காரன் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். வேறொருவரின் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை நான் கையெழுத்திட்டு வாங்கினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. "சேர், விதிப்படி..." என்று இழுத்தான். விதி எனக்குத் தெரியும் என்றேன். காரின் டாஷ்போட் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

வருடப்பிறப்பு. காரைக் கழுவிச் சந்தனம் வைத்தோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சீட்டு எழுதுவது வருடாவருடம் என் வேலை. இருபத்துமூன்று சீட்டு. மூன்றாவது சீட்டிலேயே என் எழுத்து எனக்கே வாசிக்க முடியவில்லை. தவம் பேனையை வாங்கி மிச்சத்தை எழுதினாள். பிளக் மாற்றல், பெல்ற் மாற்றல், பிறேக் காற்றெடுத்தல், ரப்பெற் வைத்தல், ரயருக்குக் காற்றளத்தல். காற்றளத்தல் மிகச் சுலபம். கருவியை வால்வில் அழுத்தினால் போதும், ஒரு கையாலேயே செய்யலாம்.

அவள் தேத்தண்ணி வைக்க உள்ளே போன நேரம், காற்றளத்தல் சீட்டின் மூலையை மடித்தேன். சீட்டுப் போடும் பிஸ்கற் தகரத்துக்குள் கை விட்டால் விரலுக்குத் தட்டுப்படும். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருடத் தபால் வேலையில் பிறருடைய ஒரு கடிதத்தைப் பிரித்ததில்லை நான். மூலையை நிமிர்த்திவிட்டேன். நகத்தால் இரண்டு முறை தேய்த்தேன், மடிப்பு மறையும்வரை.

எந்தச் சீட்டு வந்தாலும் கடவுள் விட்ட வழி. ஒன்பது பயணம் முன்னுக்குப் போன கார், ஆட்கள் பார்க்க வெளிச்சவீட்டடியில் இருந்து வீட்டுக்குத் திரும்பினால் நான் பிறகு நெல்லியடிப் பக்கம் தலை காட்ட முடியாது.

ஏப்ரல் 26, வெள்ளி

கார் தயார். இவ்வளவு நன்றாக அது என்றுமே ஓடியதில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரல் 27, சனி

இதைத் தம்புள்ளையில் இருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தரை மணிக்கே வெளிச்சவீட்டடிக்குப் போய்விட்டோம். தவம் ஓட்டினாள். எல்லாக் கார்களும் வந்து கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்க ஒரு மணித்தியாலம் ஆனது. யோகச்சந்திரன் பிஸ்கற் தகரத்தோடு வந்தார். தொடங்கியவன் என்பதால் முதல் சீட்டு எனக்கு. கையை விட்டேன். நான் மூலை மடித்து நிமிர்த்திய சீட்டு எது, மற்றவை எவை என்று ஒன்றும் தெரியவில்லை, உண்மையாக. எடுத்ததை யோகச்சந்திரன் வாங்கி வாசித்தார்.

"ரயருக்குக் காற்றளத்தல்."

எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணைக்கு வெற்றிலை போடுற நேரம்கூட எடுக்காது," என்றார் யாரோ. என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய சுமை இறங்கியது, பொய் சொல்லவில்லை. கருவியைக் கையில் எடுத்தேன்.

தவம் வழக்கம்போல ரோச்சோடு பக்கத்தில் வந்து நின்றாள். யோகச்சந்திரன் நல்ல மனுசன், அக்கறையில்தான் சொன்னார்: "தள்ளி நில்லுங்கோ அக்கா, சீலையில ஒயில் படும்."

அவள் ரோச்சை மட்காட்டில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்றாள். கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள், நகம் தெரியாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான். சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துத் தகரத்துக்குள் போட்டேன்.

"இது செல்லாது."

"ஏன் அண்ணை?"

"உரிமையாளர்தான் சீட்டெடுக்க வேணும். விதி."

"நீங்கள்தானே..."

"நான் இல்லை."

டாஷ்போட் பெட்டியைத் திறக்கப் போனேன். அதன் பூட்டு எனக்குத் திறபடவில்லை. கையிலிருந்த திறப்பு பூட்டைச் சுற்றிச் சுற்றித் துடித்தது. இருபத்திரண்டு கார்க்காரரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தடவையும் திறபடவில்லை. தவம் வந்து திறந்துவிட்டு மறுபடி பின்னுக்குப் போனாள். தபாலில் வந்த காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்து யோகச்சந்திரனிடம் கொடுத்தேன். அவர் சத்தமாக வாசித்தார்: உரிமையாளர், குணரட்ணம் தவமணி, மார்ச் மாதம் பத்தொன்பதாம் திகதியிலிருந்து.

"என்ர கை நடுங்குது," என்றேன். "கன நாளா. குளிசை போடுறன், அது நிண்ட பாடில்லை. பெப்ரவரிக்குப் பிறகு இந்தக் காரில நான் இறுக்கின ஆணி ஒண்டும் இல்லை. எல்லாம் இவதான்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப குறூப்பில போட்ட குரல் செய்தியெல்லாம்?"

"வாய் என்ர. கை இவவின்ர."

யாரும் சிரிக்கவில்லை. யோகச்சந்திரன் புத்தகத்தை மூடினார். "அண்ணை, ஒன்பது வருசத்துக்கு முன்னம் இதே இடத்தில நிண்டு என்னைத் திருப்பி அனுப்பினியள். ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"அண்டைக்கு வீடு போய்ச் சேரும்வரை அழுதனான். ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

"விதி விதிதான் யோகன்."

"ஓம், விதி விதிதான்." தகரத்தைத் தவத்தின் பக்கம் நீட்டினார். "உரிமையாளர் எடுக்கட்டும். அவ தன்ர கையாலயே செய்ய வேணும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல்லும். சரியே?"

ரோச் பிடிக்கலாமா என்று கேட்டேன். பிடிக்கலாம் என்றார்.

தவம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. சீட்டை எடுத்தாள். தன் எழுத்தைத் தானே வாசித்தாள்: "ரப்பெற் வைத்தல்."

இருக்கிற இருபத்துமூன்றில் அதுதான் ஆகக் கடினம். காற்றளத்தலைக் கொண்டுபோய்த் தகரத்துக்குள் போட்ட மடையன் நான்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். காருக்குள் ஏறி மோட்டாரை எழுப்பிவிட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் போனது. யோகச்சந்திரன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நேரம் போகுதக்கா. கழட்டுங்கோவன்."

"மோட்டார் ஆறிக் கிடக்கு. சூட்டில வைக்க வேணும். ஆறினதில வைச்சா, ஓடேக்க எல்லாம் பிழைக்கும். பொறுங்கோ."

பொறுத்தார்கள். இருபத்திரண்டு கார்க்காரரும், அவர்களுடைய பெண்சாதிமாரும், தேத்தண்ணிப் போத்தல்களும். சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். சூடு அவள் விரலைச் சுட்டது, கையை உதறிவிட்டுத் தொடர்ந்தாள். மோட்டாருக்குக் கீழே பெல்ற் ஓடும் சக்கரத்தில் உள்ள குறியைப் பார்க்க ரோச் அடித்தேன். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மற்றக் கையாலும் பிடித்தேன், அப்போதும் நிற்கவில்லை.

"ஆடட்டும்," என்றாள், எனக்கு மட்டும் கேட்க. "குறி எங்க கிடக்கெண்டு எனக்குத் தெரியும்."

முதல் நாலு. மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி மற்ற நாலு. எட்டாவது வால்வில் நட்டை இறுக்கினாள், மூடியைக் கையில் எடுத்துவிட்டாள். இறுக்கிய பின் திரும்பப் பார்க்கவில்லை. எட்டாவதைத் திரும்பப் பார்க்கவில்லை. என் நாக்கின் நுனியில் சொல் வந்து நின்றது. வாழ்க்கையில் நான் விழுங்கிய எந்தக் குளிசையும் அவ்வளவு கசந்ததில்லை. ரோச் வெளிச்சம் எட்டாவது வால்வில்தான் நிற்க வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் நிற்காமல் ஓடித் திரிந்தது.

மூடியை வைக்கப் போனவள் நின்றாள். திரும்ப மூடியைக் கீழே வைத்தாள். தகட்டை எடுத்து எட்டாவதில் விட்டாள். இறுகிவிட்டிருந்தது. நட்டைத் தளர்த்தி, வைத்து, இறுக்கி, மறுபடி விட்டுப் பார்த்தாள். சரி. என்னைப் பார்க்காமலே, "பாதிப் பேர் இஞ்சதான் விடுறவை," என்றாள்.

யோகச்சந்திரன் தகட்டை வாங்கி எட்டையும் தானே பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. பிறகு மோட்டாரை எழுப்பச் சொன்னார். ரிக் ரிக்.

"சத்தம் கேக்குதே," என்றார் அந்தப் பின்வரிசைக்காரர்.

"கேக்கத்தான் வேணும்," என்றாள் தவம்.

யோகச்சந்திரன் முன்னுக்குப் போகும் காருக்கான கொடியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. அவளிடம் கொடுத்து, "நீங்கள்தான் முன்னுக்குப் போக வேணும் அக்கா," என்றார். இருபத்திரண்டு கார்களும் ஒரே நேரத்தில் ஹோர்ன் அடித்தன. என் கண் கலங்கிவிட்டது. வெயில் இல்லை, காற்று இல்லை, ஒயில் இல்லை. அழுதேன்.

ஆனையிறவு தாண்டும்போது கேட்டேன், "புத்தகம் உம்மட பேரில எண்டது உமக்கு முதலே தெரியுமோ?"

"வாசிக்காமக் கையெழுத்து வைக்க நான் என்ன விசரியே?" ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "இன்சூரன்ஸ் எண்டு சொன்னியள். சரி, அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டனான். நீங்களாச் சொல்லும்வரை பாத்துக்கொண்டிருந்தனான்."

"சொல்லாட்டி?"

"காற்றளந்திட்டுப் போயிருப்பம். நான் ரோச் பிடிச்சிருப்பன்."

பிறகு கிளிநொச்சி வரை பின்னால் வருகிற இருபத்திரண்டு காரையும் கண்ணாடியில் எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தாறு வருடம் இந்தக் காரை ஓட்டியிருக்கிறேன். இவ்வளவு பெருமையோடு ஒரு நாளும் அதில் இருந்ததில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

தேவேந்திரமுனை. இதற்கு அங்கால் நிலம் இல்லை. இருபத்துமூன்று கார்களும் வந்து சேர்ந்தன, எங்களுடையது முதலாவதாக.

பெப்ரவரி 27, மார்ச் 10 பதிவுகளில் "செய்தவர்" என்ற இடத்தில் என்னை வெட்டித் தவம் என்று திருத்தியிருக்கிறேன். திருத்தம் கோணலாக இருக்கிறது, ஆனால் வாசிக்கலாம்.

வேலை: றேடியேற்றர் குழாய்க் கிளிப் இறுக்கல். செய்தவர்: தவமணி, உரிமையாளர். ரோச்: நான். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.